ஹாலரன் ஊற்று

டெல்மரை எனக்குப் பிடிக்கும். அவன் மனைவி ஆர்லீனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம். மட் க்ரீக் பள்ளத்தாக்கில் நான் மாட்டு லாரி ஓட்டுகிறவன். பனி உருகியதும் மாடுகளை மேய்ச்சலுக்கு ஏற்றிப் போவேன், குளிர் தொடங்கும்போது சந்தைக்கு ஏற்றிப் போவேன். இந்த வேலையில் இருப்பவனுக்கு எல்லார் வீட்டுச் சமையலறையும் தெரியும், எல்லார் வீட்டுச் சண்டையும் தெரியும்.

ஆர்லீன் மாட்டுப் பண்ணையில் பிறந்து மாட்டுப் பண்ணையிலேயே வளர்ந்தவள். அவள் அப்பா செத்தபோது நிலத்தை அவளுக்கும் அண்ணன் ராய்ஸுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தண்ணீர் இருந்த பாதி ராய்ஸுக்குப் போனது. அவளுக்கு வந்தது சாம்பல் பூத்த புதர்க்காடும் கொஞ்சம் கிடேரிகளும்தான். அந்தக் கிடேரிகளை வைத்து ஒரு மந்தையையே உண்டாக்கினாள். கொட்டுகிற பனியில் பசுவின் பின்னால் மண்டியிட்டுக் கன்றை இழுத்துப் போடுவாள், விறைத்த கன்றைத் தூக்கிவந்து அடுப்புப் பக்கத்தில் கிடத்தித் தேய்ப்பாள். மந்தையில் எந்தப் பசுவைக் காட்டினாலும் அதன் தாயையும் தாயின் தாயையும் சொல்லுவாள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் மலை அரசாங்கத்துடையது. மாடு வைத்திருப்பவருக்குத்தான் அங்கே மேய்க்கிற உரிமை உண்டு. மந்தை போனால் உரிமை போகும். உரிமை போய்விட்டால் அந்தப் புதர்க்காட்டை ராய்ஸைத் தவிர வேறு யாரும் சீந்த மாட்டார்கள். ராய்ஸ் அதற்குத்தான் காத்திருந்தான், அதை அவன் மறைக்கவும் இல்லை.

டெல்மர் மாட்டுக்காரன் இல்லை. வின்னமக்கா ஊரில் மருந்துக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவன். நாற்பது தாண்டிய பிறகு ஆர்லீனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தான். குதிரையில் உட்காருவான், விழ மாட்டான், அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு ஒரு பித்து உண்டு. பழைய நில வரைபடங்கள். அளவைக்காரர்கள் கோவேறு கழுதையில் சாமான் ஏற்றிக்கொண்டு மலை மலையாக அளந்த காலத்துத் தாள்கள். மேடு பள்ளமெல்லாம் பழுப்புக் கோடு, ஓடை நீலம், கறுப்புச் சதுரம் இருந்தால் அங்கே ஒரு வீடு. செத்தவர்கள் வீட்டுச் சாமானை ஏலம் விடுகிற இடத்திலெல்லாம் போய் இவற்றைப் பொறுக்கி வருவான். ஒரே மலையின் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பழையதில் இருந்து புதியதில் விட்டுப்போனதையெல்லாம் பென்சிலால் சுழிப்பான். குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் இதுதான் கூத்து. ஆர்லீன் பீன்ஸ் சட்டியைக் கொண்டுவந்து மலையின் தலைமேலேயே வைப்பாள்.

அந்த வருஷம் மலையில் பனி சரியாக விழவில்லை. ஜூன் மாதத்திலேயே புல் பொரிந்து கால் வைத்தால் தூளாகப் பறந்தது. மலையடியில் கறுப்புக்குட்டை என்று ஒன்று இருக்கிறது. அது எந்தக் கோடையிலும் வற்றாது. தண்ணீர் கிடந்தது, ஆனால் சுற்றிலும் ஒரு வாய் புல் கிடையாது. பசுக்களுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. எப்போது லாரி வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்க நான் போயிருந்தேன். ராய்ஸும் அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க கொண்டு போவா? எங்கிட்டதான் கொண்டு வருவா," என்றான் ராய்ஸ். "கேளு தங்கச்சி. மந்தைய எனக்குக் குடுத்துடு. நீயும் மாப்ளையும் வின்னமக்கா போய் மாத்திரை வித்துப் பொழைங்க. மாப்ளைக்கு அது கைவந்த வேல."

"நான் செத்தா எடுத்துக்க," என்றாள் ஆர்லீன்.

"அதுவரைக்கும் பசு தாங்கணுமே. எலாய், நீ சொல்லுய்யா, எத்தன மந்தை பாத்திருப்ப. இது ஆகஸ்ட் தாண்டுமா?"

இவர்கள் நடுவில் மூக்கை நுழைக்கிற அளவுக்கு எனக்கு மூளை கெட்டுப்போகவில்லை. காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டெல்மர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தான்.

"கறுப்புக்குட்டைக்கு மேல பாறை ரெண்டா பிளந்திருக்கும்ல, அதுக்குள்ள ஏறிப் போனா ஒரு மேட்டுச் சமவெளி இருக்கு. இந்தா பாருங்க, ஹாலரன் ஊற்றுன்னு போட்டிருக்கு. பக்கத்துல வீடு. புதுத் தாள்ல ரெண்டுமே இல்ல."

"இல்லேன்னா இல்லேன்னுதான அர்த்தம்?" என்றான் ராய்ஸ்.

"வீட்டுல ஆள் இல்லேன்னு விட்டிருப்பாங்க. ஊத்து எங்க போவும்?"

"ஊத்தும் சேந்து செத்திருக்கும். மாப்ள, நான் அந்த மலையில பொறந்தவன். அங்க ஊத்து இருந்தா எங்கப்பனுக்குத் தெரியாமலா போகும்?"

"அவரு மாடு போற வழியில போனாரு. இதுக்கு மாடு போற வழி இல்ல."

ராய்ஸ் அந்தத் தாளை எடுத்துத் தன் வாயைத் துடைத்துக்கொண்டான். துடைத்துவிட்டு டெல்மரின் தட்டில் வைத்தான். ஆர்லீன் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அண்ணன் வார்த்தையால் வெட்டுகிற ஆள் என்பது ஊருக்கே தெரியும். பெண்டாட்டியும் சேர்ந்துகொண்டால் அந்த மனுஷன் எங்கே போவான்? டெல்மர் தாளில் ஒட்டியிருந்த பீன்ஸை விரலால் வழித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தான்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "எலாய், எனக்கு ஒரு துணை வேணும். வழுக்கி விழுந்தா சொல்லி அனுப்பறதுக்காவது." போனோம். கறுப்புக்குட்டையில் லாரியை நிறுத்திவிட்டு நடந்தோம். பிளவுக்குள் ஒரு குதிரை போகிற அகலம்தான் வழி. கால் வைத்த இடமெல்லாம் கல் உருண்டது. டெல்மர் தாளைப் பார்ப்பான், மலையைப் பார்ப்பான், "இப்ப இடப்பக்கம் சரியும்," என்பான், சரியும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ அளந்து வைத்ததை இவன் கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிளவு முடிகிற இடத்தில் இரண்டு பாறைச் சுவருக்கும் நடுவே ஒரு வேலி நின்றது. அந்தத் தாளில் வேலி எதுவும் போடவில்லை. ஜூனிப்பர் மரக் கம்பங்கள், அடியில் மரச்சட்டம் கட்டி அதற்குள் கல்லைக் கொட்டி நட்டிருந்தார்கள். ஐந்து வரிசை முள்கம்பி. ஹாலரன் யாரோ தெரியாது, வேலி போடத் தெரிந்த ஆள். நடுவில் ஒரு கம்பிக் கேட், மூடியிருந்தது. எங்கள் பக்கத்துக் கேட்டுக்குக் கீல் கிடையாது. அதுவும் முள்கம்பிதான், நடுநடுவே குச்சி கட்டியிருக்கும். ஓரக் குச்சியைத் தோளால் நெருக்கிக் கம்பத்திலிருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கழற்றினான். நாங்கள் உள்ளே போனதும் திரும்ப மாட்டினான். மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட வேண்டும். இங்கே நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவார்கள். டெல்மர் பிந்தி வந்தவன், அவனுக்கு அதை அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்தவள் ஆர்லீன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. முழங்கால் உயரத்துக்குப் புல், எந்த மாடும் வாய் வைக்காத புல், காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. வீடு இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. பாறையடியில் மரத்தொட்டி ஒன்று பாசி பிடித்துக் கிடக்க, அதற்குள் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. ஆனால் தண்ணீர். டெல்மர் குனிந்து முகத்தைத் தொட்டிக்குள் விட்டுக் குடித்தான். நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தானா, தண்ணீர்தான் வழிந்ததா என்று நான் கேட்கவில்லை.

பிறகு காபி டப்பாவைக் குழாயின் கீழே பிடித்து நிரம்புகிற நேரத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "மந்தைக்குப் பத்தாது. ராத்திரிக்கு நாக்க நனைக்கலாம். பகல்ல அதுங்க குட்டைக்கு இறங்கித்தான் குடிக்கணும். புல்லு மேல, தண்ணி கீழ. கேட் தொறந்திருந்தா அதுங்களே போகும், அதுங்களே வரும்."

அன்று மாலை சமையலறையில் அதையே ஆர்லீனிடம் சொன்னான். அவள் கையில் அவன் பறித்துவந்த புல் கற்றை இருந்தது. அதை மூக்கில் வைத்து மோந்தாள், ஒரு புல்லை உருவிக் கடித்துப் பார்த்தாள்.

"நெசமா முழங்கால் வரைக்குமா?" என்று என்னைக் கேட்டாள். புருஷனைக் கேட்கவில்லை.

"முழங்காலுக்கு மேலேயே இருக்கும்," என்றேன்.

"கேட்டத் தொறந்தே விடணும், ஆர்லீன்," என்றான் டெல்மர்.

"ஒரு தடவ சொன்னாப் போதும். மாட்டப் பத்தி நீ எனக்குச் சொல்லிக் குடுக்காத."

ராய்ஸ் மந்தை ஓட்ட வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். காகிதத்தைப் பார்த்து மாடு ஓட்டுகிற வேடிக்கைக்குத் தனக்கு நேரமில்லையாம். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாய்களும்தான். நான் மாடுகளை நடை நடையாக ஏற்றிவந்து கறுப்புக்குட்டையில் இறக்கினேன். வயிறு முட்டத் தண்ணீர் காட்டிவிட்டு அவற்றை மலைமேல் திருப்பினார்கள். ஆர்லீனின் குரல் பாறையில் பட்டுப் பட்டு இறங்கி வந்தது. கன்றுகள் பின்தங்கும், தாய்கள் திரும்பி நின்று கத்தும். தூசியில் எது குதிரை எது மாடு என்று தெரியவில்லை. எனக்கு லாரியைக் காக்கிற வேலைதான், நான் கீழேயே இருந்தேன்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு டெல்மர் மட்டும் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். கல்லில் லாடம் கழன்றுவிட்டதாம், குதிரை நொண்டியது.

"எல்லாம் உள்ள போயிடுச்சு," என்றான். "ஆர்லீன் இருக்கா. கன்னுங்க தாயக் கண்டுபிடிச்சுச் சேர்ற வரைக்கும் இருந்துட்டு வர்றேன்னா."

அது எங்கள் வழக்கம். ஓட்டிப்போன களேபரத்தில் தாயும் கன்றும் பிரிந்துவிடும். ஒன்றோடு ஒன்று சேர்ந்து பால் குடிக்கிறவரை ஒருவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பசு தேடிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடும். குதிரையை லாரியில் ஏற்றிவிட்டு நாங்கள் நிழலில் உட்கார்ந்து டப்பாவில் அடைத்த பீச் பழத்தை ஒரே கரண்டியால் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். ஆர்லீன் இருட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்தாள். முகம் முழுக்கத் தூசி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"உன் காகிதம் பொய் சொல்லல, டெல்மர்," என்றாள். அவன் தொப்பியைக் கழற்றி அதன்மேலிருந்த தூசியைத் தன் கையால் தட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. திரும்பிப் போகும்போது லாரியில் எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வரும் வருஷம் எத்தனை கிடேரியை விற்காமல் நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

அதன்பின் பள்ளத்தாக்கில் தீனிப்புல் அறுப்பு. அடுத்தவர் வயலில் இருவரும் கூலிக்கு அறுத்துக் கட்டினார்கள், குளிர்காலத் தீனிக்குப் பங்கு கிடைக்கும் என்று. மாடு தானே போய்த் தானே வரும் என்பதால் மலைக்கு யாரும் போகவில்லை. வெயில் நாளுக்கு நாள் ஏறியது. நாய்கள் டிராக்டருக்கு அடியை விட்டு நகரவில்லை. அறுப்பு முடிந்ததும் மாடு நக்குகிற உப்புக்கட்டிகளை ஏற்றிக்கொண்டு மூவரும் என் லாரியில் கிளம்பினோம்.

கறுப்புக்குட்டையில் இறங்கியதும் டெல்மர் கரையைச் சுற்றி நடந்தான். நடந்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"தடம் இல்ல, எலாய்."

"பழைய தடம் கெடக்கே."

"பழசுதான். புதுசு ஒண்ணுகூட இல்ல."

ஆர்லீன் அதைக் கேட்டாள். உப்புக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு மலையேற ஆரம்பித்தாள். குதிரை கொண்டுவரவில்லை, நடைதான். பாதி வழியில் நாற்றம் வந்தது. அதற்கப்புறமும் அவள் நிற்கவில்லை, ஓடினாள்.

கேட் மூடியிருந்தது. அதற்கு உட்புறம் பசுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கம்பியில் கழுத்தைக் கொடுத்து நின்றபடியே செத்தவை சில. கண்களைக் காக்கை கொத்திவிட்டிருந்தது. புல் அப்படியே நின்றது, முழங்கால் உயரத்துக்கு, பச்சை மட்டும் போயிருந்தது. ஊற்றை மிதித்து மிதித்துச் சேறாக்கி அந்தச் சேற்றையே தின்றிருக்கின்றன. குழாய் நசுங்கிக் கிடந்தது, தொட்டி சில்லுச் சில்லாகக் கிடந்தது. உயிரோடு மிஞ்சியவை பதினொன்று. சில கன்றுகள் செத்த மடியை இன்னும் முட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் கீழே தெரிந்தது. அந்த மேட்டிலிருந்து பார்த்தால் கறுப்புக்குட்டை நன்றாகவே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவை செத்திருக்கின்றன.

ஆர்லீன் கம்பத்தின் அருகே நின்றாள். வளையத்தைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்தது, டெல்மருக்கும் புரிந்திருக்கும். மூடியிருந்த கேட் வழியாக உள்ளே போனவள், வெளியே வந்ததும் தோளால் நெருக்கி வளையத்தை மாட்டியிருக்கிறாள். ஐம்பது வருஷமாக அந்தத் தோள் செய்துவந்த வேலை. மூச்சு விடுகிற மாதிரி செய்துவிட்டுக் குதிரையேறி வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. முதல் தடவையாக வந்தது, அன்றோடு போயும்விட்டது.

எழுந்திருக்க முடியாத பசுக்களை அவளே சுட்டாள். நான் லாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்த துப்பாக்கியை எங்களிடம் திருப்பித் தரவில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டாள். மதியம் போல ராய்ஸ் வந்தான். காக்கைக் கூட்டத்தைத் தன் வயலிலிருந்து பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"யாரு மூடுனது இத?"

ராய்ஸ் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"மாடு தானா மூடிக்கிச்சா? தங்கச்சி, உன்னத்தான் கேக்குறேன்."

ஆர்லீன் கம்பத்து வளையத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மந்தை போயிற்று, மேய்ச்சல் உரிமை போயிற்று, இனி அவளுக்கென்று மிச்சம் இருந்தது மாட்டுக்காரி என்ற பெயர் ஒன்றுதான். ராய்ஸ் அதையும் எடுத்துக்கொள்ளத்தான் நின்றுகொண்டிருந்தான்.

"நான்தான்," என்றான் டெல்மர்.

"டெல்மர், அன்னிக்கு நீ எங்கூட—" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ லாரி ஓட்டுறவன், எலாய். லாரியப் பத்தி மட்டும் பேசு." அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. ராய்ஸ் பக்கம் திரும்பினான். "பழக்கதோஷம். நானே சொல்லிட்டு நானே மூடிட்டேன்."

ராய்ஸ் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. சிரித்தான். "மருந்துக்கடைக்காரன் மூடி போட்டுட்டான்யா," என்றான். டெல்மரின் சட்டைப் பையிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்து, செத்த பசு ஒன்றின் முகத்தில் போர்த்தினான். டெல்மர் அசையவில்லை. நான் ஆர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லுவாள், இதோ சொல்லுவாள் என்று. அவள் புருஷன் முன்னால் வந்து நின்றாள். "உன்னக் கட்டிக்கிட்டு வந்ததுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்," என்றாள். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மிஞ்சிய பதினொன்றையும் நானே சந்தைக்கு ஏற்றிப் போனேன். நிலத்தை ராய்ஸ் எடுத்துக்கொண்டான். வீட்டில் மட்டும் இருந்துகொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாக விட்டான், அவன் மாட்டுக்கு அவர்கள் இருவரும் தீனி போட்டுக்கொண்டு. ஆர்லீன் அவன் கொட்டகையில் கன்று இழுத்தாள். டெல்மரை எல்லாரும் 'கேட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தபால்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அவனும் திரும்பிப் பார்த்தான்.

அக்டோபரில் சந்தை நாளன்று அங்கேயிருக்கிற காபிக்கடையில் அவர்கள் இருவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். வடக்கேயிருந்து வந்த இரண்டு மாட்டு வியாபாரிகள் எங்கள் மேஜையில் இருந்தார்கள். கோடையில் ஒரு மந்தையே தாகத்தில் செத்ததாமே, யாருடையது என்று அவர்களில் ஒருவன் கேட்டான். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"எங்களுதுதான்," என்றாள் ஆர்லீன். ஆப்பிள் பணியாரத்தை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். ஊற்றைச் சொன்னாள், புல்லைச் சொன்னாள், கேட்டைச் சொன்னாள். ஒரு தடங்கல் இல்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிறவளின் கண் இல்லை அது. மூன்று மாதத்தில் அவள் அதை நம்பியே விட்டாள்.

"இவரு முன்னாடி நின்னு மூடுறாரு. நான் குதிர மேல இருக்கேன். 'மூடாத டெல்மர், தொறந்தே கெடக்கட்டும்'னு கத்துறேன். ரெண்டு தடவ கத்துனேன்."

வியாபாரிகள் டெல்மரைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் காபியைத் தள்ளி வைத்தேன். அன்றைக்கு அந்த நேரத்தில் என்னோடு உட்கார்ந்து ஒரே கரண்டியில் பீச் பழம் தின்றுகொண்டிருந்த மனுஷன், காபியில் சர்க்கரையைக் கலக்கி முடித்தான், கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"மூணு தடவ கத்துனா," என்றான். "எனக்குத்தான் காதுல விழல."

ஆர்லீன் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமா," என்றாள். "மூணு தடவ."